படகுக்காக அடைத்த மடை

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று சில வாசகர்கள் விசாரித்திருக்கிறார்கள். எனக்குக் காய்ச்சல் என்று பத்திரிகையில் ஒரு வரி போட்டிருந்தது. அது ஆசிரியரின் நல்ல மனசு. எனக்குக் காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை. கோபம்! நான் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, கொஞ்சம் ஆறட்டும், அடுத்த வாரம் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஒரு வாரம் ஆயிற்று. ஆறவில்லை. எழுத்து மட்டும் கொஞ்சம் நிதானப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள்தான் படித்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

நம் மதுரைப் பெரிய மனிதர்களுக்குச் சமீபத்தில் ஒரு மோகம் பிடித்திருக்கிறது – காம்ப். வீட்டில் மெத்தை, மின்சார விசிறி, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஆள் எல்லாம் இருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு வெட்டவெளியில் கூடாரம் அடித்து, மடக்குக் கட்டிலில் படுத்து, கொசுவுக்கு இரத்ததானம் செய்வது. கேட்டால் உடம்புக்கு நல்லது என்கிறார்கள். துரைமார்கள் கொடைக்கானலில் ஏரியில் படகு விடுகிறார்களே, நாம் விட்டால் என்ன?

ஒன்றுமில்லை. விடலாம். நானும் விட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊரில் ஒரு கிளப். பெயர் வேண்டாம். அதன் செகரட்டரி ஒரு வக்கீல். பரமேசுவரன் என்று வைத்துக்கொள்வோம். கிறிஸ்துமஸுக்குக் கோர்ட் மூடியதும் அவர் தலைமையில் ஏழெட்டுப் பேர் கிளம்பி, ஒத்தக்கடையைத் தாண்டி, மேலூர் ரோட்டிலிருந்து பிரிகிற வண்டிப்பாதையில் போய், அங்கே உள்ள ஒரு பெரிய கண்மாயின் கரையில் இறங்கினார்கள். கண்மாயின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. அந்த ஊர்க்காரர்கள் பட்டது போதும்.

தொண்டியிலிருந்து லாரியில் இரண்டு படகுகள் வந்தன. பச்சைப் பெயின்ட் அடித்து, பக்கவாட்டில் இங்கிலீஷில் பெயர் எழுதியிருந்தார்கள். புதுவருஷத்தன்று படகுப் போட்டி. பரிசு கொடுக்க ஒரு பெரிய துரை வருவதாக ஏற்பாடு. என்னை எதற்குக் கூப்பிட்டார்கள்? பத்திரிகையில் நாலு வார்த்தை நல்லதாக எழுதத்தான். போனேன்.

முதல் நாள் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. சாயங்காலம் படகில் ஏறினோம். யானைமலை தண்ணீரில் தலைகீழாகப் படுத்திருந்தது. துடுப்புப் போட்டவர் தாலுகா ஆபீஸில் பெரிய அதிகாரி. அவர் அதிகாரம் துடுப்பிடம் செல்லவில்லை. வலது பக்கம் போக வேண்டுமென்றால் படகு இடது பக்கம் போயிற்று. அப்புறம் போவதையே விட்டுவிட்டு நின்ற இடத்தில் சுற்றியது. நீர்க்கோழிகள்கூடப் பயப்படாமல் வேடிக்கை பார்த்தன. நான் வாய்விட்டுச் சிரித்தேன். கிழடு தட்டுகிற வயசில் ஒரு மனிதன் காரணமில்லாமல் சிரிப்பது எவ்வளவு அபூர்வம்!

ஆக, கண்மாயில் படகு விடுவது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை.

மறுநாள் காலை. பலகாரம் முடிந்து சீட்டுக்கட்டை எடுத்திருந்தோம். கரை வழியாகப் பெண்கள் சிலர் வந்து நின்றார்கள். கூடாரத்துக்குப் பக்கத்தில் வரவில்லை. பக்கத்தில் வரக் கூடாது என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை, பிறந்ததிலிருந்து பழக்கியிருக்கிறார்கள். தூரத்தில் நின்றே ஒருத்தி பேசினாள். பெயர் மாயக்காள்.

இந்த மாயக்காளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணை வேலை. பிறத்தியார் வயலில் நட்டு, பிறத்தியார் களத்தில் கதிரடித்து, அவர்கள் அளந்து போடுவதை முந்தானையில் வாங்கிக்கொண்டு போகிறவர்கள். புருஷன் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன், திரும்பவில்லை. இந்த வருஷம்தான், ஊரைவிட்டு மதுரைக்குக் குடிவந்துவிட்ட ஒருவரின் துண்டு நிலத்தை வாரத்துக்கு எடுத்து – விளைவதில் பங்கு கொடுப்பதாகப் பேசி – நெல் போட்டிருந்தாள். கூட வந்த பெண்களும் அவளைப் பார்த்துத் துணிந்து அதே போல எடுத்தவர்கள். எல்லாம் கடைமடை நிலம். கண்மாய்த் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கிற இடம்.

அவள் சொன்ன விஷயம் சின்னது. நெல் பால் பிடிக்கிற சமயம். ஒரு தண்ணீர் பாய்ந்தால் போதும். கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது. மடையைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். மடைக்காரரைக் கேட்டால் அம்பலக்காரரைக் கேள் என்கிறார். ஊருக்குப் பெரியவரான அந்த அம்பலக்காரரைக் கேட்டால், போய்க் கூடாரத்தில் கேள் என்கிறார்.

கூடாரத்தில் எதற்குக் கேட்க வேண்டும்? நான் சீட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

பரமேசுவரன் எதையும் மறைக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. இது மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை! இந்த வருஷம் மழை குறைவு, கண்மாய் பாதிதான் பெருகியிருக்கிறது. மடையைத் திறந்தால் தண்ணீர் இறங்கிவிடும். படகு சேற்றில் உட்கார்ந்துகொள்ளும். துரைக்கு முன்னால் எவ்வளவு அசிங்கம்! அதனால் புதுவருஷம் முடிகிறவரை மடையை அடைத்தே வைக்கும்படி அம்பலக்காரரிடம் சொல்லியிருந்தாராம். அம்பலக்காரருக்கு என்ன? அவர் மகனுக்குச் சர்க்கார் கச்சேரியில் ஒரு வேலைக்குச் சிபாரிசு நடக்கிறது. அவர் வயலுக்குக் கிணறு இருக்கிறது, இறைக்க மாடு இருக்கிறது.

பரமேசுவரன் அந்தப் பெண்களிடம் சிரித்த முகமாகவே பேசினார். போட்டி முடிந்ததும் திறக்கச் சொல்கிறேன், நாலு நாள் பொறுங்கள் என்றார்.

"நாலு நா செண்டு தெறந்தீகன்னா நெல்லு இருக்காது சாமி," என்றாள் மாயக்காள். "வைக்கோலுதேன் இருக்கும்."

பயிர் அவ்வளவு சீக்கிரம் செத்துவிடாது, போங்கள் என்று சொல்லிவிட்டு அவர் சீட்டைக் கலைத்துப் போட ஆரம்பித்தார்.

நான் அவரைத் தனியே அழைத்துப் போய்ப் பேசினேன். சண்டை போட்டேன் என்றே சொல்லலாம். அவர் என் தோளில் கை போட்டு, எழுத்தாளர்களுக்கு எதைப் பார்த்தாலும் கதையாகத்தான் தெரியும் என்று சமாதானம் சொன்னார். சரி, மற்றவர்கள் இருக்கிறார்களே என்று கூடாரத்துக்குள் போனேன். தாலுகா ஆபீஸ்காரர் துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு டாக்டர் இருந்தார். நல்லவர், கைராசிக்காரர் என்று பெயர். அவரிடம் முறையிட்டேன்.

"நான் ரெஸ்ட்டுக்கு வந்திருக்கேன் சார்," என்றார்.

இந்த மனிதர்கள் யார் தெரியுமா? போன மாதம் ஒரு பெரிய கூட்டம் போட்டு, கிராம முன்னேற்றம் பற்றி ஆளுக்கு அரை மணி நேரம் பேசியவர்கள். குடியானவன்தான் தேசத்தின் முதுகெலும்பு என்று இதே பரமேசுவரன் மேஜையைத் தட்டினார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். முதுகெலும்பு காய்கிறது என்று நேரில் வந்து சொன்னால், ரெஸ்ட்டுக்கு வந்திருக்கிறார்களாம்!

கெட்டவர்கள் கெடுதல் செய்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது. அது அவர்கள் தொழில். நல்லவர்கள் சீட்டாடிக்கொண்டே, யார் மேலும் கோபமில்லாமல், சிரித்த முகத்தோடு செய்கிற கெடுதல் இருக்கிறதே... அதைத்தான் தாங்க முடியவில்லை.

பெண்கள் போகவில்லை. கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

உச்சிப் பொழுதுக்கு இப்ராஹிம் ராவுத்தர் வந்து சேர்ந்தார். தெற்குவாசலில் கூடாரக் கடை வைத்திருப்பவர். கல்யாணமா, கந்தூரியா, மாநாடா, கவர்னர் விஜயமா – மதுரையில் நிழல் வேண்டுமென்றால் அவரிடம்தான் போக வேண்டும். காம்ப் கூடாரங்கள் அவருடையவைதான். விழாவுக்கான பெரிய பந்தல் துணியை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஆட்களோடு வந்திருந்தார். எனக்கு வெகு நாள் சிநேகிதர். கோபக்காரர் அல்ல. கடைவீதியில் யாராவது அவர் காலை மிதித்துவிட்டால் அவர்தான் மன்னிப்புக் கேட்பார்.

வண்டியை விட்டு இறங்கியவர், பெண்கள் வெயிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்கப் போனார். மாயக்காள் வாயால் சொல்லவில்லை. வந்து பாருங்கள் என்று முன்னால் நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

வாய்க்கால் காய்ந்து கிடந்தது. வயல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்பில் கால் விரல் நுழையும். கதிர் தலை சாய வேண்டிய நேரத்தில் விறைத்து நின்றது. அவள் ஒரு மணியைக் கிள்ளி நசுக்கினாள். வெள்ளையாக ஒரு சொட்டு வந்தது. ராவுத்தர் பக்கத்துக் கதிரில் ஒரு மணியை நசுக்கினார். ஒன்றும் வரவில்லை. இன்னொன்று. வெறும் உமி. அவர் நிறுத்தாமல் ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டே வரப்பில் நடந்தார்.

"இந்த வருசம் யாரு களத்துலயும் போயி முந்தி விரிக்கக் கூடாதுன்டு இருந்தேன் பாய்," என்றாள் மாயக்காள். அழவில்லை. வேறு யாருடைய வயலைப் பற்றியோ சொல்வது போலச் சொன்னாள்.

திரும்பி வந்ததும் ராவுத்தர் நேராகப் பரமேசுவரனிடம் போனார். வழக்கம்போல் பணிவாகத்தான் கேட்டார். மடையை இன்றைக்கே திறக்கச் சொல்லுங்கள் ஐயா, போட்டியைக் கொஞ்சம் ஆழமான இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று வழிகூடச் சொன்னார். பரமேசுவரனுக்கு அதுவரை இருந்த சிரிப்பு அப்போதுதான் போயிற்று. பந்தல் போட வந்தவர் பந்தலைப் போட்டுவிட்டுப் போகலாம், ஊர் நியாயம் பேச வேண்டாம் என்றார்.

ராவுத்தர் வண்டிப் பக்கம் போனார். பிறகு தன் ஆட்களைக் கூப்பிட்டார். வண்டியில் இருப்பதை இறக்க வேண்டாம் என்றார். ஏற்கெனவே அடித்த கூடாரங்களையும் பிரித்து ஏற்றச் சொன்னார்.

பரமேசுவரனால் நம்ப முடியவில்லை. இனி இந்த ஜில்லாவில் எந்தச் சர்க்கார் விழாவுக்கும் உன் கயிறுகூட வராது, தெரியுமா என்று கேட்டார். மரியாதை 'உன்'னுக்கு இறங்கிவிட்டதைக் கவனித்தீர்களா?

"வராட்டிப் போகுது வக்கீலய்யா," என்றார் ராவுத்தர். "அங்கிட்டுப் பயிரு கருகுது, இங்கிட்டு நான் நெழலு போடுறதா? நாளைக்கு அல்லா கேட்டா என்னத்தச் சொல்லுவேன்?"

அடுத்த அரை மணி நேரத்தில் நடந்ததை நினைத்தால் இந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. முளைகளைப் பிடுங்கினார்கள். கயிறு தளர்ந்தது. கூடாரங்கள் ஒவ்வொன்றாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்தன. உள்ளே ஒருவர் ஷேவ் செய்துகொண்டிருந்தார் – பாதி முகத்தில் சோப்போடு வெட்டவெளியில் நின்றார். கிராமபோன் வெயிலில் பாடிக்கொண்டிருந்தது. யாருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை. சீட்டுகள் காற்றில் பறந்து கண்மாயில் மிதந்தன. மார்கழி வெயில்தான். ஆனாலும் நிழலிலேயே வளர்ந்த தலைகளாயிற்றே! சாப்பாட்டுக்கு முன்பே கார்கள் கிளம்பிவிட்டன. டாக்டர் முன்ஸீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மடை இன்னும் அடைத்தபடியே கிடந்தது. பெண்கள் மடைக்காரரிடம் போனார்கள். வயசான மனிதர். அம்பலக்காரர் உத்தரவில்லாமல் தொட்டால் அவர் பிழைப்புப் போய்விடும். மாயக்காளைப் பார்த்தார், கண்மாயைப் பார்த்தார்.

"எனக்குப் பசிக்கிது. நான் வீட்டுக்குப் போறேன்," என்றார். போயேவிட்டார்.

அவர் வரப்பில் இறங்கி மறைகிறவரை பெண்கள் காத்திருந்தார்கள். அப்புறம் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். மடைக் கதவு இலேசில் அசையவில்லை. ராவுத்தரின் ஆட்களில் இரண்டு பேர் குதித்துக் கை கொடுத்தார்கள். கதவைத் தூக்கியதும் முதலில் மூச்சுமுட்டுவது போல ஒரு சத்தம். பிறகு தண்ணீர் காய்ந்த வாய்க்காலில் சருகுகளைத் தள்ளிக்கொண்டு ஓடியது. யாரும் கத்திக் கொண்டாடவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் கூடவே நடந்தார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் போன வாரமே அழகாக ஒரு கட்டுரை எழுதியிருப்பேன்.

புதுவருஷத்துக்கு மறுநாள் காலை ராவுத்தரைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஓடினேன். கிளப்புக்குச் சொந்தமான ஒரு கூடாரத்தையும் சில பாத்திரங்களையும் தன் சாமானோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டார் என்று புகாராம். மதுரைக்கே நிழல் கொடுத்த மனிதர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, எனக்கு இடம் விட்டார்.

அது பொய், நான் கூடவே இருந்தேன் என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். நீங்கள் அவருடைய சிநேகிதர், காம்ப்பில் இருந்த வேறு யாரையாவது சொல்லச் சொல்லுங்கள் என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. சுலபம் என்று நினைத்துக்கொண்டு ஒரு ஜட்கா பிடித்தேன்.

தாலுகா ஆபீஸ்காரர், தான் சர்க்கார் உத்தியோகஸ்தர், இதிலெல்லாம் தலையிட முடியாது என்றார். பாதி ஷேவ் மனிதர் வீட்டில் பூஜை நடக்கிறதென்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். டாக்டரிடம் நோயாளிகள் காத்திருந்தார்கள். கூடாரங்கள் எல்லாம் ராவுத்தருடையவை என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றார். அதை ஸ்டேஷனில் சொல்வீர்களா? குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். இன்னும் இரண்டு வீடு ஏறினேன். ஒரு ஆள் – ஒரே ஒரு ஆள்கூட – வரவில்லை.

வெட்கமும் வெறுப்புமாகச் சாயங்காலம் ஸ்டேஷனுக்குத் திரும்பினால் வாசலில் கூட்டம். புழுதிக் கால்களோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வண்டிக்காரர்கள் மூலம் ஊருக்குச் செய்தி போயிருக்கிறது. மேலூர் ரோட்டில் நடந்தே வந்திருக்கிறார்கள். காவலுக்கு நின்றவர் விரட்டிப் பார்த்து அலுத்துப் போயிருந்தார். கடைசியில் சப்-இன்ஸ்பெக்டரே வெளியே வந்து என்ன வேண்டுமென்று கேட்டார்.

மாயக்காள் எழுந்து நின்றாள். இந்தத் தடவை தூரத்தில் நிற்கவில்லை. படியில் ஏறி நின்றாள்.

"கூடாரத்தப் பிரிச்சதுக்குப் பாயப் புடிச்சிருக்கீக. மடையத் தெறந்தது நாங்க. எங்களயும் உள்ள போடுங்க. கோர்ட்டுல கேட்டா, யாரு அடைச்சது, எதுக்கு அடைச்சதுன்டு நாங்களே சொல்லிக்கிருறோம்."

சப்-இன்ஸ்பெக்டர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். புத்திசாலி மனிதர். பாசனத் தண்ணீரைப் படகு விடுவதற்காகத் தடுத்தார்கள் என்று கோர்ட்டில் ஒரு வார்த்தை வந்தால், துரை வரைக்கும் போகும். உள்ளே போய் டெலிபோன் செய்தார். என்ன பேசினாரோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் வக்கீல் வீட்டுக் குமாஸ்தா வியர்க்க விறுவிறுக்க வந்து, காணாமல் போன சாமானெல்லாம் வீட்டிலேயே கிடைத்துவிட்டது என்று சொல்லிப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனான்.

ராவுத்தர் வெளியே வந்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு முதல் காரியமாகப் பக்கத்துக் கடையில் எல்லாருக்கும் டீயும் பன்னும் சொன்னார். பெண்கள் கடைக்குள் நுழையத் தயங்கினார்கள். கடைக்காரனும் தயங்கினான். ராவுத்தர் தன் கிளாஸை எடுத்துக்கொண்டு ரோட்டோரத்தில் அவர்கள் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். கடைக்காரன் டீயை வெளியே கொண்டுவந்து கொடுத்தான். அன்றைக்கு நடந்த நியாயம் அவ்வளவுதான். கடைக்குள் இடம் கிடைத்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசை. நடக்காததை எப்படி எழுதுவது?

மாயக்காளின் வயலில் வாய்க்காலை ஒட்டிய பாதி பிழைத்தது. மேட்டுப் பாதி பதர். நிலத்துக்காரருக்குப் பங்கு போக அவளுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ராவுத்தருக்கு இந்த மாதம் இருந்த இரண்டு சர்க்கார் விழாக்களும் வேறு ஆளுக்குப் போய்விட்டன. கல்யாணங்கள் இருக்கின்றன அண்ணே, ஜனங்கள் கல்யாணம் செய்வதை நிறுத்திவிடவில்லையே என்கிறார். எனக்கு அவர் மேலும் கோபம்தான் – அவருக்கு ஏன் கோபம் வருவதில்லை?

என்னுடைய இந்தப் பத்தியைப் படித்துவிட்டு டாக்டர் வருத்தப்படுவார் என்று ஆசிரியர் கவலைப்படுகிறார். படட்டும். ஒருநாளாவது படட்டும். உல்லாசம் வேண்டாமென்று யார் சொன்னது? படகு விடுங்கள், கூடாரம் அடியுங்கள், இஷ்டம் போலச் சீட்டாடுங்கள். ஆனால் நீங்கள் மிதக்கிற தண்ணீரை நம்பி எத்தனை அடுப்பு எரிகிறது என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுத் துடுப்பைத் தொடுங்கள். இது பெரிய தர்ம உபதேசமா? சாதாரண மரியாதை!

நேற்று ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் கிளப்பின் அறிவிப்பு வந்திருக்கிறது. புதுவருஷப் படகுப் போட்டி, மோசமான வானிலை காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டதாம்.

மோசமான வானிலையா? மழை பெய்திருந்தால் மாயக்காள் உங்கள் கூடார வாசலுக்கு ஏனய்யா வரப்போகிறாள்?